அறிவியல் கேள்வி–பதில்: நெருக்கடி வந்தால் கலத்துக்குள் என்ன நடக்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியவை. சூடு, கதிர்வீச்சு, நஞ்சு, மூச்சுத்திணறல் என்று ஏதாவது நேரும்போது கலம் அதை எப்படி அறிகிறது, எந்தப் பரம்பரையலகை எப்போது முடுக்குகிறது என்பதே அது. பாடநூல் ‘தகைப்பு’ என்று சொல்வதை இங்கே ‘நெருக்கடி’ என்று எழுதுகிறோம். டி.என்.ஏயில் போய் அமர்ந்து பரம்பரையலகுகளை முடுக்கியும் அடக்கியும் விடும் புரதங்களை ‘ஒழுங்காக்கும் புரதங்கள்’ என்கிறோம்.

கேள்வி: நெருக்கடிகள் எத்தனையோ வகை. ஆனால் ஒழுங்காக்கும் புரதங்கள் என்று படிப்பவை சிலதான். பி53 என்ற ஒரே புரதம் ஒரு கலத்தைத் திருத்துகிறது, இன்னொரு கலத்தைக் கொல்கிறது என்று எங்கள் சேர் சொன்னார். ஒரே புரதம் எப்படி இரண்டையும் செய்யும்?
— உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் சேர் சொன்னது சரி. கொட்டாஞ்சேனையில் கோயில் மணி பூசைக்கும் அடிக்கிறது, சாவுக்கும் அடிக்கிறது. மணி ஒன்றுதான், அடிக்கிற இடைவெளி வேறு. அதைக் கேட்டே ஊர் செய்தியை அறிகிறது. கலமும் புரதத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அது கருவுக்குள் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை தடவை வந்து போனது என்பதையும் பார்க்கிறது.

நெருக்கடி இல்லாத நேரத்தில் இந்தப் புரதங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என்.எஃப்-கப்பா-பி என்பது 1986இல் ரஞ்சன் சென், டேவிட் போல்டிமோர் ஆகியோர் கண்டறிந்த புரதம். ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக் குழியவுருவில் நிறுத்தி வைத்திருக்கும். அழற்சிச் சைகையான டி.என்.எஃப் கலத்தைத் தொட்டதும் ஐ.கே.கே என்ற நொதியம் ஐ-கப்பா-பியின் மேல் பொசுபேற்றை ஒட்டுகிறது. அந்தக் குறி விழுந்த ஐ-கப்பா-பி அழிக்கப்படுகிறது. பிடி விட்ட என்.எஃப்-கப்பா-பி சில நிமிடங்களில் கருவுக்குள் போய்விடும்.

பி53இன் வழி வேறு. கலம் அதை ஓயாமல் செய்கிறது, எம்.டி.எம்-2 என்ற புரதம் அதை ஓயாமல் அழிவுக்கு அனுப்புகிறது. அமைதியான கலத்தில் பி53இன் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நிமிடம். தொட்டியின் அடியடைப்பைத் திறந்துவிட்டுக் குழாயையும் ஓடவிட்டது போன்ற ஏற்பாடு இது. வீண்செலவு என்று தோன்றும். ஆனால் டி.என்.ஏ அறுந்த கணத்தில் அடைப்பைப் போட்டால் போதும், மட்டம் உடனே ஏறும். பரம்பரையலகிலிருந்து தொடங்கிப் புதிதாகச் செய்துகொண்டிருந்தால் அந்த வேகம் கிடைக்காது. அடைப்பைப் போடுவது ஏ.டி.எம் என்ற நொதியம்.

இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. என்.எஃப்-கப்பா-பி முடுக்கிவிடும் பரம்பரையலகுகளில் ஐ-கப்பா-பியின் பரம்பரையலகும் ஒன்று. பி53 முடுக்குபவற்றில் எம்.டி.எம்-2இனதும் ஒன்று. தன்னை அடக்குகிறவனைத் தானே அழைத்து வருகிறது. ஆனால் அடக்குகிறவன் வந்து சேர நேரமாகும். அந்தத் தாமதத்தால் மட்டம் ஏறி இறங்கி, சைகை இன்னும் இருந்தால் மறுபடி ஏறுகிறது. டி.என்.எஃப் தொடர்ந்து இருந்தால் என்.எஃப்-கப்பா-பி ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு தடவை கருவுக்குள் போய் வரும். காமாக் கதிர் பட்ட கலத்தில் பி53 ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு தடவை துடிக்கும். கதிரின் அளவைக் கூட்டினால் துடிப்பு உயர்வதில்லை, துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடும். புறவூதாக் கதிருக்கு அதே பி53 துடிப்பதே இல்லை. ஒரே நீண்ட ஏற்றமாக எழும்புகிறது, கதிர் கூடக் கூட உயரமும் கூடுகிறது.

இந்த வேறுபாடு கலத்தின் முடிவை மாற்றுமா என்று 2012இல் நேரடியாகச் சோதித்தார்கள். பி53ஐ எம்.டி.எம்-2இடமிருந்து விடுவிக்கும் நட்லின் என்ற மருந்தை, கணக்கிட்ட நேரங்களில், கணக்கிட்ட அளவில் கொடுத்து, துடிக்க வேண்டிய பி53ஐ ஒரே மட்டத்தில் நிறுத்தினார்கள். மொத்தப் பி53 இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். துடிக்க விட்ட கலங்களில் பல மீண்டு பிரியத் தொடங்கின. ஒரே மட்டத்தில் நின்றவை பெரும்பாலும் பிரிவதை நிரந்தரமாக நிறுத்தி முதுமைநிலைக்குப் போயின.

பரம்பரையலகு இந்த நேர வேறுபாட்டை எப்படி அறிகிறது? ஒரு வழி, வாசல் திறக்கும் வேகம். சில பரம்பரையலகுகளின் தொடக்கப் பகுதி ஏற்கெனவே திறந்திருக்கும். சில ஹிஸ்டோன் புரதங்களில் இறுகச் சுற்றியிருக்கும். சிறிது நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற புரதத்தால் முதல் வகையைத்தான் முடுக்க முடியும். இன்னொரு வழி, ஆர்.என்.ஏயின் ஆயுள். விரைவில் அழியும் ஆர்.என்.ஏ ஒவ்வொரு துடிப்போடும் ஏறி இறங்கும், கலப்பிரிவை நிறுத்தும் பி21 என்ற புரதத்தினது அப்படிப்பட்டது. நெடுநேரம் நிற்கும் ஆர்.என்.ஏ துடிப்புக்குத் துடிப்பு படியாகச் சேர்ந்துகொண்டு போகும்.

நேரம்தான் எல்லாம் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். புரதத்தில் எந்த இடத்தில் குறி விழுந்தது, துணைப் புரதம் எது, அது எந்த இழையத்தின் கலம் என்பவையும் முடிவை மாற்றும்.

கேள்வி: முன்கூட்டி இளஞ்சூடு கண்ட மதுவம் பின்னர் கடுஞ்சூட்டைத் தாங்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட முயன்றோம். பேக்கரி மதுவத்தை நீரில் கரைத்து, ஒரு பங்கை இளஞ்சூட்டில் வைத்து, பிறகு இரண்டு பங்கையும் 50 பாகையில் வைத்தோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைத்தன. எங்கே பிழை?
— உயிரியல் ஆசிரியர், தெகிவளை

பதில்: பிழை பைக்கற்றில் இருக்கிறது. உலர் மதுவத்தைத் தயாரிப்பவர்கள் சீனியை மட்டுப்படுத்தி வளர்த்து, பிறகு உலர்த்துகிறார்கள். அதனால் பைக்கற்றில் வரும் கலம் ஏற்கெனவே நெருக்கடிக்கு அணியமாகித்தான் வருகிறது. அதற்குள் திரெகலோசு என்ற காப்புச் சீனி நிறைந்திருக்கும். நீங்கள் ‘இளஞ்சூடு காணாதது’ என்று வைத்த பங்கும் உண்மையில் நெருக்கடி கண்டதுதான்.

மதுவத்தில் இதற்குப் பொறுப்பான ஒழுங்காக்கும் புரதங்கள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று எச்.எஸ்.எஃப்-1. மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் எச்.எஸ்.பி-70 போன்ற துணைப்புரதங்கள் அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். சூட்டில் மற்றப் புரதங்கள் மடிப்புக் குலைந்தால் துணைப்புரதங்கள் அவற்றைத் தாங்க ஓடிவிடும். பிடி விட்ட எச்.எஸ்.எஃப்-1 மேலும் துணைப்புரதங்களைச் செய்யச் சொல்லும். மற்றது எம்.எஸ்.என்-2. குளுக்கோசு நிறைய இருக்கும்வரை பி.கே.ஏ என்ற நொதியம் அதைக் கருவுக்கு வெளியே வைத்திருக்கும். குளுக்கோசு குறைந்தாலோ சூடு ஏறினாலோ அது நிமிடங்களில் உள்ளே போகும். இரண்டுமே எச்.எஸ்.பி-104 என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. சூட்டில் திரண்டுபோன புரதக் கட்டிகளை இழுத்துப் பிரிப்பது அதன் வேலை. மதுவம் 50 பாகையைத் தாங்குவதில் அதற்குத்தான் பெரும் பங்கு.

ஆகவே குளுக்கோசில் திளைத்து, விரைவாகப் பெருகிக்கொண்டிருக்கும் கலங்களோடுதான் தொடங்க வேண்டும். 200 மில்லிலீற்றர் நீரில் 4 கிராம் குளுக்கோசும் 2 கிராம் மதுவச்சாறும் கரைத்து, 10 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். மதுவச்சாறு இல்லையென்றால் மாமைட் போதும், அதிலுள்ள உப்பு இந்த அளவில் தொந்தரவு தராது. அரைக் கிராம் உலர் மதுவத்தை இதில் 50 மில்லிலீற்றரில் போட்டு அரை மணி எழும்ப விடுங்கள். பிறகு அதிலிருந்து 1 மில்லிலீற்றரை மட்டும் எடுத்துப் புதிய 100 மில்லிலீற்றரில் விட்டு, பஞ்சால் அடைத்து, கால் மணிக்கு ஒரு தடவை குலுக்கி, 5 மணி நேரம் வளர்க்க வேண்டும். இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் எடுக்கக் கூடாது. அதற்குள் குளுக்கோசு தீர்ந்து, எம்.எஸ்.என்-2 கருவுக்குள் போய், பழைய பிழையே திரும்பி வரும்.

கொழும்பில் இதற்கு அடைகாப்பான் தேவையில்லை. காலையில் அறை வெப்பநிலை 28 பாகையை ஒட்டியே இருக்கும், மதுவத்துக்கு அது நன்று. ஆனால் தகரக் கூரை போட்ட மூடிய அறையில் பிற்பகலில் வைத்தால் வெப்பநிலை 35ஐ நெருங்கிவிடலாம். இளஞ்சூடு காணக் கூடாத பங்கும் அப்போது சூடு கண்டுவிடும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் பகல் 12.30 அளவில் வளர்ப்பு முடிந்துவிடும்.

பின்னர் நான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லிலீற்றர். முதலாவது அறையிலேயே இருக்கட்டும். இரண்டாவது அறையிலிருந்து நேரே 50 பாகைக்கு. மூன்றாவது 38 பாகையில் 45 நிமிடம், பிறகு 50 பாகைக்கு. நான்காவது 38 பாகை மட்டும். நான்காவதை விட்டுவிட்டால் இளஞ்சூடே கலங்களைக் கொன்றதா என்பது தெரியாமல் போகும். 50 பாகையில் 10 நிமிடம் வைத்து, எடுத்தவுடன் குளிர்நீரில் இறக்குங்கள். பலர் பிழை விடும் இடம் இதுதான்: தடித்த சோதனைக்குழாயில் 10 மில்லிலீற்றர் ஊற்றித் தொட்டியில் வைத்தால், உள்ளே 50 பாகை ஆவதற்கே பல நிமிடங்கள் எடுக்கும். அந்த மெல்லிய ஏற்றமே ஓர் இளஞ்சூடு. மெல்லிய சிறு குழாய் எடுங்கள். வெறும் நீர் விட்ட இன்னொரு குழாய்க்குள் வெப்பமானியை வைத்து, உள்வெப்பநிலை 50ஐத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

எண்ணுவதற்கு 0.01 வீத மெதிலீன் நீலம் ஒரு பங்கு, மதுவம் ஒரு பங்கு. இறந்த கலம் நீலமாகும், உயிருள்ளது நிறத்தை நீக்கிவிடும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில், 10 நிமிடத்துக்குள், குழாய்க்கு 200 கலங்களாவது எண்ண வேண்டும். நெடுநேரம் விட்டால் சாயமே கலங்களைக் கொல்லும். ஆனால் சூடு பட்ட மதுவத்தில் இந்தச் சாயம் பிழைத்தவற்றைக் கூட்டிக் காட்டும் குணமுடையது. பெருகும் திறனை இழந்த கலமும் சிறிது நேரம் நிறத்தை நீக்கிக்கொண்டிருக்கும். வசதி இருந்தால் ஏகார்த் தட்டில் பரப்புங்கள். முதற் குழாயை 10,000 மடங்கு ஐதாக்கி 0.1 மில்லிலீற்றர் பரப்பினால் எண்ணக்கூடிய அளவு சமுதாயங்கள் வரும். சூடு கண்டவற்றை 10, 100, 1,000 மடங்குகளிலும் பரப்பி, மூன்று நாள் பொறுத்து எண்ணுங்கள். சேதப்பட்ட கலங்கள் பிந்தித்தான் முளைக்கும்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒரு சேதி: 1962இல் இத்தாலியரான ரிட்டோசா, சூடு கண்ட பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். அவை முடுக்கப்பட்ட பரம்பரையலகுகள். அந்த ஆய்வுதான் இந்தத் துறையின் தொடக்கம்.

கேள்வி: மனக்கவலையால் வரும் ‘ஸ்ட்ரெஸ்’ஸும் நீங்கள் எழுதும் கல நெருக்கடியும் ஒன்றா? எங்கள் அம்மம்மா மூட்டு வாதத்துக்குப் பல மாதமாகப் பிரெட்னிசோலோன் எடுக்கிறா. வலி இல்லையென்று தானாகவே நிறுத்தப் பார்க்கிறா. திடீரென நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னதன் காரணம் என்ன?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அம்மம்மாவின் குளிசை. அவவே நிறுத்த விடாதீர்கள். காரணம் பரம்பரையலகிலேயே இருக்கிறது.

மனக்கவலை நேரடியாகக் கலத்தைச் சுடுவதோ அறுப்பதோ இல்லை. மூளையின் ஐப்போதலமசு கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி அதிரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கோர்ட்டிசோல் இரத்தத்தில் கலக்கிறது. அது கலத்துக்குள் நுழைந்ததும், அங்கே எச்.எஸ்.பி-90இன் துணையோடு காத்திருக்கும் ஏற்புப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு கருவுக்குள் போகிறது. அந்த ஏற்புப் புரதமே ஓர் ஒழுங்காக்கும் புரதம். சூட்டுக்குப் பயன்படும் துணைப்புரதக் கூட்டமே இங்கும் காவல் நிற்கிறது. கவலையும் கல நெருக்கடியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் பொதுவான கருவிகள் உண்டு.

கோர்ட்டிசோல் நாள் முழுக்க ஒரே சீராக ஊறுவதில்லை. ஏறத்தாழ மணிக்கு ஒரு தடவை சிறு அலையாக வரும், விடியற்காலையில் அலைகள் உயரும். பிரெட்னிசோலோன் அதே ஏற்புப் புரதத்தைப் பிடிக்கிறது, ஆனால் அதன் விளைவு 12 முதல் 36 மணி நேரம் நிற்கும். அது கருவுக்குள் அழற்சிப் பரம்பரையலகுகளை அடக்குகிறது, அதனால்தான் மூட்டு வலி தணிகிறது. ஐப்போதலமசிலும் கபச்சுரப்பியிலும் அதிரினலுக்குச் சைகை அனுப்பும் பரம்பரையலகுகளையும் கூடவே அடக்கிவிடுகிறது. 3 கிழமைக்கு மேல் எடுத்தால் அதிரினல் வேலையில்லாமல் சுருங்கத் தொடங்கலாம். குளிசையைத் திடீரென விட்டால் உடலில் இரண்டுமே இல்லாத நிலை வரும்: தலைச்சுற்று, வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம். காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ வரும் நேரத்தில் இது உயிராபத்து. அதனால் டொக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். குளிசையைக் காலையில் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் உடலின் சொந்த அலைக்கு ஒத்துப்போகத்தான். வேறு டொக்டரிடமோ பல் வைத்தியரிடமோ போனால் இந்தக் குளிசை எடுப்பதை அம்மம்மா முதலிலேயே சொல்ல வேண்டும்.

கேள்வி: வளர்ப்புக் கலங்களுக்கு டொக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து 0, 6, 12, 24 மணிகளில் வெஸ்டேர்ன் புளொட் (கலங்களைக் கரைத்து, ஒரு புரதத்தின் அளவை எதிருடலால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தேன். எம்.சி.எஃப்-7 கலங்களில் பி53 மெல்ல ஏறி நிற்கிறது. துடிப்பின் அடையாளமே இல்லை. ஹீலா கலங்களில் பட்டையே தெரியவில்லை. எதிருடலை மாற்றியும் பயனில்லை.
— ஆய்வு மாணவர், கொழும்பு 3

பதில்: எதிருடலைக் குறை சொல்ல வேண்டாம். ஹீலாவில் பாப்பிலோமா வைரசின் ஈ6 புரதம் இருக்கிறது. அது பி53ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பி53 ஆய்வுக்கு ஹீலாவை எடுப்பது வீண் முயற்சி. எச்.ஈ.கே-293உம் ஆகாது, அதில் அடினோவைரசுப் புரதங்கள் பி53ஐக் கட்டி வைத்திருக்கின்றன. எம்.டி.ஏ-எம்.பி-231இல் பி53 விகாரமடைந்தது. எம்.சி.எஃப்-7, ஏ549, யூ2ஓ.எஸ் ஆகிய மூன்றிலும் பி53 இயல்பானது. ஆகவே எம்.சி.எஃப்-7ஐயே வைத்திருங்கள்.

துடிப்பு தெரியாததற்கு மூன்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. முதலாவது, நீங்கள் எடுத்த நேரங்கள். துடிப்பின் இடைவெளி ஐந்தரை மணி, நீங்கள் மாதிரி எடுத்த இடைவெளி 6 மணி. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில்தான் போய்ப் பார்க்கிறீர்கள். முதல் 12 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்றாவது எடுங்கள்.

இரண்டாவது, சராசரி. ஒரு பட்டைக்குப் பல இலட்சம் கலங்களைக் கரைக்கிறீர்கள். முதல் துடிப்பு எல்லாக் கலங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு கலமும் தன் தாளத்தில் விலகிப் போகும். காலி முகத்திடலில் ஆயிரம் பேர் ஒன்றாகக் கைதட்டத் தொடங்கி, பிறகு அவரவர் தாளத்தில் தட்டினால் தூரத்தில் நிற்பவருக்குத் தொடர்ந்த இரைச்சல்தான் கேட்கும். உங்கள் புளொட் அந்த இரைச்சலைச் சரியாகவே பதிவுசெய்திருக்கிறது. அது கலத்துக்குள் நடப்பதன் படமல்ல.

மூன்றாவது, மருந்து. டொக்சோருபிசின் ஊடகத்தில் இருக்கும்வரை டி.என்.ஏயைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். முதல் காயம் ஆறுமுன் அடுத்த காயம். துடிப்பைப் பார்க்கக் காயம் ஒரே கணத்தில் நேர்ந்து முடிய வேண்டும். அதற்குக் காமாக் கதிர், அல்லது நிமிடங்களில் செயலிழந்துவிடும் நியோகார்சினோஸ்டற்றின். இவை கிடைக்காவிட்டால் டொக்சோருபிசினைக் குறுகிய நேரம் கொடுத்துக் கழுவிவிடலாம். ஆனால் கருவுக்குள் ஒட்டியது கழுவுவதால் போகாது என்பதை எழுதும்போது ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளிர்வு நுணுக்குக்காட்டிக்குப் போவதாக இருந்தால் இன்னொன்று: டொக்சோருபிசின் தானே செம்மஞ்சளாக ஒளிரும். சிவப்புச் சாயத்தைத் தெரிவுசெய்தால் மருந்தைத்தான் அளப்பீர்கள்.

அறுவடையிலும் கவனம் வேண்டும். 20 நிமிட அரைவாழ்வுள்ள புரதத்தைத் திரிப்சின் போட்டு, மையநீக்கம் செய்து, மெதுவாகச் சேகரித்தால் மட்டம் மாறிவிடும். தட்டைப் பனிக்கட்டியில் வைத்து, குளிர்ந்த தாங்கற் கரைசலால் கழுவி, அங்கேயே கரைத்துச் சுரண்டி எடுங்கள்.

ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பார்க்க நல்ல வழி, ஒளிரும் புரதம் இணைத்த பி53ஐ உயிரோடு 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு படமாக ஒரு நாள் முழுக்க எடுப்பது. அதற்குக் கருவி இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். கண்ணாடிச் சில்லுகளில் வளர்த்து, மணிக்கு ஒன்றாக நிலைப்படுத்தி, எதிருடலால் சாயமிட்டு, நேரம் ஒன்றுக்கு 300 கருக்களின் ஒளிர்வை அளந்து பரம்பல் வரைபடம் போடுங்கள். முதல் துடிப்பில் பரம்பல் முழுக்க வலப்பக்கம் நகரும். பின்னர் சராசரி அதிகம் மாறாமல் பரம்பல் மட்டும் அகன்று நிற்கும். கலங்கள் தாளம் விலகியதற்கு அது நல்ல சான்று.

உயிர்ப்படம் எடுப்பவர்கள் மறக்கும் ஒன்று: நீல ஒளியே டி.என்.ஏயைக் காயப்படுத்தும். மருந்து கொடாத கலங்களையும் அதே ஒளியில், அதே இடைவெளியில் எடுங்கள். அவற்றிலும் இடைக்கிடை துடிப்பு வரும். பிரிந்துகொண்டிருக்கும் கலத்தில் இயல்பாகவே நேரும் டி.என்.ஏ அறுதல்களுக்கு பி53 காட்டும் துடிப்பு அது. பெரும்பாலும் பி21ஐ முடுக்காமலே அடங்கிவிடும். ‘எனது கட்டுப்பாட்டுக் கலங்களும் துடிக்கின்றன’ என்று தரவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: மஞ்சள் கப்சூல் கலத்தின் காப்புப் புரதங்களைக் கூட்டும் என்கிறார்களே, நாளுக்கு இரண்டு எடுக்கலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சொல்லப்படும் புரதம் என்.ஆர்.எஃப்-2. கீப்-1 என்ற புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கீப்-1இல் கந்தகம் கொண்ட சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஒட்சியேற்றப் பொருளோ சில தாவர வேதிப்பொருள்களோ அவற்றில் ஒட்டினால் பிடி தளரும். என்.ஆர்.எஃப்-2 கருவுக்குள் போய், கலத்தைக் காக்கும் குளுட்டதயோன் என்ற பொருளைச் செய்யும் நொதியங்களைக் கூட்டும். மஞ்சளின் கேர்க்குமின், முருங்கையிலும் புரோக்கோலியிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் ஆகியவை வளர்ப்புக் கலங்களில் இதைச் செய்வது உண்மை.

ஆனால் கேர்க்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அதற்காகக் கப்சூலில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின், ஈரல் மருந்துகளைக் கழிக்கும் வழியையே தடுக்கிறது. மஞ்சளோடு சேர்ந்து நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடலாம். செறிவூட்டிய மஞ்சள் கப்சூலால் ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. என்.ஆர்.எஃப்-2ஐ எந்நேரமும் முடுக்கி வைப்பது நல்லதென்ற எண்ணமும் பிழை. நுரையீரல் புற்றுநோய்களில் ஒரு பகுதியில் கீப்-1 பழுதாகி என்.ஆர்.எஃப்-2 ஓயாமல் இயங்குகிறது, அந்தப் புற்றுக் கலங்கள் மருந்துக்கும் கதிருக்கும் தப்பிக்க அதுவே உதவுகிறது. கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் ஒன்றும் வேண்டாம். கப்சூல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரத்தம் ஐதாக்கும் மருந்தோ வலிப்பு மருந்தோ எடுப்பவர் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புரோக்கோலி வாங்கினால் சிறிதாக அரிந்து அரை மணிக்கு மேல் வைத்த பின் சமையுங்கள். அரியும்போது வெளிவரும் நொதியம்தான் வேண்டிய சேர்வையை உண்டாக்குகிறது. உடனே சூடாக்கினால் நொதியம் அழிந்துவிடும். சமைத்த பின் சிறிது கடுகுத்தூள் தூவினாலும் கடுகிலுள்ள அதே வகை நொதியம் அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: மூன்று நாள் நுவரெலியாவில் நின்றுவிட்டு வந்தால் இரத்தம் கூடுமா?
— ஓட்ட வீரர், மருதானை

பதில்: கூடாது. ஒட்சிசன் குறைந்தால் நிலைக்கும் எச்.ஐ.எஃப் புரதங்களே, முக்கியமாக எச்.ஐ.எஃப்-2, செங்குழியங்களைப் பெருக்கும் ஓமோனான எரித்ரோபொயிற்றினைச் சிறுநீரகத்தில் கூட்டுகின்றன. ஒட்சிசன் போதியளவு இருக்கையில் அவை சில நிமிடங்களில் அழிந்துவிடும். இந்தப் பொறிமுறைக்காகவே கெலின், ரட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே ஒட்சிசன் அழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சைகை சில மணி நேரத்தில் எழும், ஆனால் மென்மையாகத்தான். அதைக் கேட்டுச் செங்குழியங்கள் குறிப்பிடத்தக்க அளவு பெருகக் கிழமைக் கணக்கில் ஆகும். உடலில் இரும்புச்சத்துக் குறைவென்றால் அதுவும் நடக்காது.

கேள்வி: குடும்பத்தின் வயல் மட்டக்களப்பில். மாரியில் நாற்று முழுக்க மூழ்கினால் பத்து நாளில் அழுகிவிடுகிறது. மூழ்கினாலும் பிழைக்கும் நெல் உண்டென்கிறார்கள். அது எப்படி?
— வாசகர், வத்தளை

பதில்: உண்டு. அதற்குக் காரணமும் ஒரு ஒழுங்காக்கும் புரதம்தான், பெயர் சப்1ஏ. அதன் பரம்பரையலகை 2006இல் அடையாளம் கண்டார்கள். மூல விதை ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல். இலங்கையின் குருக்கருப்பன், கொட ஹீனட்டி, தவளு என்ற பாரம்பரிய நெல்களும் மூழ்கலைத் தாங்குபவையாகப் பதிவானவை என்பது நம் வயல்காரர் அறிய வேண்டிய செய்தி.

நீரில் மூழ்கிய நெல்லில் எதிலீன் வாயு வெளியேற முடியாமல் தேங்கும். சாதாரண நெல் அதை ‘நீண்டு வெளியே வா’ என்ற சைகையாக எடுத்து, உள்ள மாப்பொருளையெல்லாம் செலவழித்து நெட்டையாக வளரும். வெள்ளம் வடிந்ததும் நிற்கச் சத்தில்லாமல் சாய்ந்துவிடும். சப்1ஏ உள்ள நெல்லிலும் எதிலீன் தேங்கும். ஆனால் சப்1ஏ வளர்ச்சி ஓமோனான ஜிபரலின் சொல்வதைக் கேட்க விடாமல் அடக்குகிறது. பயிர் அசையாமல் இருந்து, சேமிப்பைக் காத்து, நீர் வடிந்தபின் துளிர்க்கிறது. இரண்டு கிழமை வரை தாங்கும். ஆழ்நீர் நெல்லில் அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு புரதங்கள் நேர்மாறாகச் செய்கின்றன. அதே எதிலீனைக் கேட்டு, தண்டை மீற்றர் கணக்கில் நீளச் செய்கின்றன.

ஆகவே உங்கள் வயலில் எந்த வெள்ளம் வருகிறது என்று பார்த்துத்தான் விதை தேட வேண்டும். முழுக்க மூழ்கி ஒன்றிரண்டு கிழமையில் வடியும் வெள்ளத்துக்கே சப்1ஏ. முழங்காலளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளக்காணியில் குட்டையாக அடங்கும் பயிர் பின்தங்கிவிடும். விதைத்த உடனே மூழ்கும் வயலுக்கும் இது உதவாது, முளைக்கும் பருவத்தில் தாங்குவது வேறு பரம்பரையலகுகள். கலங்கிய நீர் வெளிச்சத்தை மறைக்கும், வெதுவெதுப்பான நீரில் சேமிப்பு வேகமாகக் கரையும். இரண்டிலும் தாங்கும் நாள்கள் குறையும். வெள்ளம் வரக்கூடிய காலத்துக்குச் சற்று முன் யூரியாவை அள்ளிப் போட்ட பயிர் விரைவில் சாகும். நீர் வடிந்த அன்றே யூரியா போடாமல், புதுக் குருத்து விரிந்த பின் போடுங்கள். சேறு படிந்த இலைகளைக் கண்டு உடனே உழுதுவிட வேண்டாம். ஒரு கிழமை பொறுத்துத் தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கூழாகிக் கையோடு வந்தால் இல்லை.